தகடா, சென்சாரா, காந்தமா? உப்புக் காற்றில் டான்ஸ் பேட் செய்து பார்த்த அலசல்

போன மீன்பிடித் தடைக்காலத்தில் அக்கா மகளுக்கு டான்ஸ் பேட் செய்து தருகிறேன் என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் என் மொபைல் சர்வீஸ் கடைக்கும் அந்த 61 நாள் ஈ ஓட்டுகிற காலம்தான். ஒன்று செய்ய உட்கார்ந்தவன் மூன்று செய்துவிட்டு எழுந்தேன். இரண்டு இப்போது பரணில்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: திரையில் அம்புக்குறிகள் கீழிருந்து மேலே ஏறி வரும். மேலே இருக்கும் அம்பு அச்சில் அவை வந்து பொருந்தும் நொடியில், பாட்டின் தாளத்தோடு காலடியில் அதே அம்பை மிதிக்க வேண்டும். அந்தக் காலடிப் பலகைதான் டான்ஸ் பேட். கொனாமி நிறுவனம் 1998-ல் ஜப்பானில் இறக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்தான் இதைப் பரப்பியது. அதில் இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு அம்பு. கொரியாவின் பம்ப் இட் அப்பில் நான்கு மூலையும் நடுவும் சேர்த்து ஐந்து. கணினியில் ஆட ஸ்டெப்மேனியா என்ற இலவச மென்பொருள் போதும். அதன் வழக்கமான அமைப்பில் உச்ச மதிப்பெண் வேண்டுமானால், சரியான நொடிக்கு 22.5 மில்லி விநாடி முன்பின்னாகக் கால் விழ வேண்டும்.

செய்முறை எழுதியிருப்பவர்கள் எல்லாரும் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள்: எது வேகம், எது மலிவு? உலர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது போதும். நம் பக்கம் முதல் கேள்வியே வேறு. மூன்றாவது மாதம் இது வேலை செய்யுமா? 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ஆயுசு முழுக்கத் துருவோடுதான் மல்லுக்கட்டியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே மண்டபம் என்ற ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அவ்வளவு ஏன், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தால் போதும்.

முதலில் மூளை

மிதித்ததைக் கணினிக்குச் சொல்லும் போர்டைத்தான் சொல்கிறேன். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போன யூஎஸ்பி கேம்பேடைப் பிரித்து அதன் பட்டன்களில் ஒயர் ஒட்டுவது மலிவான வழி. என் கடையிலேயே அப்படி நாலைந்து கிடந்தன. ஆனால் பல கேம்பேடுகளில் திசை பட்டன்கள் இடத்தையும் வலத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பாது. இந்த விளையாட்டிலோ இரண்டு காலையும் விரித்து இடம் வலம் சேர்த்துக் குதிப்பது சர்வசாதாரணம். ஆகவே திசை பட்டனை விட்டுவிட்டு மற்ற நான்கு பட்டன்களில்தான் ஒயர் கொடுக்க வேண்டும். அதிலும் சில பேடுகளில் பட்டனுக்கு அடியில் இருப்பது கார்பன் பூச்சு, ஈயம் ஒட்டாது.

இன்னொரு வழி, நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டு. அந்த வகையில் லியோனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். இவற்றில் உள்ள ஏடிமெகா 32யூ4 சிப் தன்னையே கணினிக்கு கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஊனோ போர்டு நேரடியாக அதைச் செய்யாது. வேலை முடிந்ததும் யூஎஸ்பி வாயை மட்டும் விட்டுவிட்டு, போர்டு முழுக்க நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை அடித்துவிடுங்கள். உப்பு உள்ளே ஏறாது.

அலுமினியத் தாள்

எல்லாரும் தொடங்குவது இங்கேதான், நானும் அப்படியே. இரண்டு அட்டை, சமையலறை அலுமினியத் தாள், நடுவில் ஓட்டை போட்ட ஸ்பாஞ்ச். மிதித்தால் இரண்டு தாளும் தொடும், விட்டால் பிரியும். ஒரு மாலையில் செய்து முடித்தேன், அன்று இரவே ஆடினாள். பத்தே நாளில் செத்தது. தாளில் செப்புக் கம்பியை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி ஆகிவிடும், தின்னப்படுவது அலுமினியம். பிரித்தபோது கம்பி இருந்த இடத்தில் தாளுக்குப் பதில் வெள்ளைப் பொடி. சில நாள் ஆடிப் பார்க்க மட்டும் இதைச் செய்யலாம்.

எஸ்எஸ் தகடு

அடுத்து அதே தத்துவம், ஆனால் ஒழுங்கான உலோகம். ஆர்கேட் அளவில் ஒரு கட்டம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் சதுரம். மூன்றுக்கு மூன்று வைத்தால் மொத்தம் 84. கீழே ஒரு தகடு, மேல் பலகையின் அடியில் ஒரு தகடு, நடுவில் ஓரமாக நுரைப் பட்டை.

எந்த உலோகம் என்பதில்தான் நம் ஊர் குறுக்கே வருகிறது. செம்புத் தகடு மின்சாரத்துக்கு ராஜா. ஆனால் இங்கே பச்சைக் களிம்பு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஜிஐ தகடு மலிவு. துத்தநாகப் பூச்சு வெள்ளையாகப் பொரிந்து, கடைசியில் தகடு துருவில் முடியும். எஸ்எஸ், அதாவது எவர்சில்வர், தகட்டில் 304 ரகம் எங்கும் கிடைக்கும். உப்பில் அதுவும் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும், ஆனால் ஒரு துணியால் துடைத்தால் போய்விடும் அளவுக்குத்தான். 316 ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் இன்னும் தாங்கும். வீட்டுக்குள் ஆட அது அதிகப்படி. ஒரே தொல்லை, எஸ்எஸ்ஸில் சாதாரண ஈயம் ஒட்டாது. வளைய முனை வைத்துத் திருகு போட்டு முடுக்க வேண்டும். தொல்லை என்று நினைத்தேன். பிறகு அதுவே வசதியாகப் போயிற்று, சொல்கிறேன்.

இதைச் செய்து முடித்து மூன்றாவது வாரம், காலையில் ஃபோன். "மாமா, யாருமே மிதிக்கல, ரைட்டு மட்டும் தானா அடிக்குது."

போய் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். தகடுகள் தொடவில்லை, ஆனால் நடுவே ஏறக்குறைய 10 கிலோ ஓம் காட்டியது. குற்றவாளி நுரை. நான் போட்டது சோபாவுக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச். அது உப்பு ஈரத்தைக் குடித்து நமுத்துப்போய், தானே கம்பியாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் உலர்ந்த ஊர்ச் செய்முறைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டன் அழுத்தாதபோது போர்டில் ஒயர் சேரும் முனையை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்க சிப்புக்குள்ளேயே ஒரு மின்தடை உண்டு, 20 முதல் 50 கிலோ ஓம் வரை. எல்லாரும் அதையே நம்பச் சொல்கிறார்கள். அதை 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரை 10 கிலோ ஓமில் கசிந்தால் முனையில் மிஞ்சுவது 1.1 வோல்ட். சிப்புக்கு அது இரண்டுங்கெட்டான் நிலை: ஒரு நேரம் மிதித்தது என்று எடுத்துக்கொள்ளும், ஒரு நேரம் இல்லை என்று. வெளியே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் அதே கசிவில் 3.4 வோல்ட் நிற்கும், ஏமாறாது.

அப்படியானால் 1 கிலோ ஓமே போடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, போட்டும் பார்த்தேன். இப்போது பிரச்சினை மறுபக்கம். தகட்டில் லேசாக அழுக்கேறித் தொடுமிடத்தில் 500 ஓம் தடை வந்தாலே, மிதித்த பிறகும் முனை 1.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. கால் விழுந்தது பதிவாகும் என்று நம்ப முடியாது. 4.7-ல் அதே அழுக்குக்கு அரை வோல்ட்தான், நன்றாகவே பதிவாகும். அந்த எண்ணை மாற்றாதீர்கள். நுரையையும் மாற்றினேன்: தண்ணீர் குடிக்காத ரப்பர் நுரை, யோகா மேட்டை அறுத்த பட்டை. பிறகு தானாக அடிக்கவில்லை.

அழுத்த சென்சார்

தீவிரமாக ஆடுபவர்கள் உலகெங்கும் போவது எஃப்எஸ்ஆர் பக்கம். வட்டப் பொட்டு போல மெல்லிய பிளாஸ்டிக். அழுத்தினால் அதன் மின்தடை விழும். தொடவும் பிரியவும் உலோகம் இல்லை. எவ்வளவு அழுத்தினால் மிதித்ததாகக் கொள்ளலாம் என்று 0 முதல் 1023 வரையுள்ள எண்ணில் நீங்களே வரம்பு வைக்கலாம். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வரம்பு, என்னைப் போன்ற கனத்தவனுக்கு ஒன்று. தகட்டு பேடில் நுரை தடிமனை மாற்றினால்தான் இதைச் செய்ய முடியும்.

ஆடிப் பார்த்தால் வித்தியாசம் காலிலேயே தெரிகிறது. தகட்டில் மேல் பலகை ஓரிரு மில்லிமீட்டர் கீழே போய்த்தான் தொடும். அதோடு உலோகம் துள்ளித் தொட்டுத் தொட்டுப் பிரிவதால் நிரலில் ஏறக்குறைய 5 மில்லி விநாடி பொறுக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. சென்சார் பலகை அசைவதே இல்லை, தரை மாதிரி நிற்கிறது. வேகமான பாட்டில் அவள் மதிப்பெண் இதில்தான் ஏறியது, மறைக்க மாட்டேன்.

ஆனால் விலை. கட்டத்துக்கு நான்கு மூலையிலும் நான்கு, மொத்தம் 16 சென்சார். அதற்குக் கொடுத்த காசில் மற்ற எல்லாச் சாமானையும் வாங்கி மிச்சம் பிடித்திருக்கலாம். வந்த பதினாறில் இரண்டு பெட்டியிலேயே செத்திருந்தன. மாற்றித் தரும் நாள் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. ப்ரோ மைக்ரோவில் அழுத்தத்தின் அளவைப் படிக்கும் அனலாக் முனை 16 கிடையாது. கட்டத்துக்கு நான்கையும் இணையாகக் கோத்து ஒரே முனைக்குக் கொண்டுவந்தேன்.

இங்கேயும் ஈரம் விடவில்லை. சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை, மரத்துக்குத்தான் ஆயிற்று. மழை நாளில் மரம் உப்பி, மிதிக்காமலே சென்சாரை நசுக்குகிறது. காலையில் வைத்த வரம்பு மாலையில் செல்லாது. ஆடும் முன் ஒவ்வொரு முறையும் கணினியில் எண்களைத் திருத்த வேண்டும். எனக்கு அது ஐந்து நிமிஷ வேலை. அக்காவுக்கு அது என்னைக் கூப்பிடும் வேலை.

மற்றவை

பியசோ வில்லை தட்டியதும் ஒரு துடிப்பு கொடுத்துவிட்டு அடங்கிவிடும். அம்பை மிதித்தபடியே பிடித்திருக்க வேண்டிய இடத்தில் உதவாது. எடை பார்க்கும் லோட் செல்லை எச்எக்ஸ்711 போர்டோடு வைத்தால் விநாடிக்கு அதிகபட்சம் 80 அளவீடு, அதாவது ஒன்றுக்கொன்று 12.5 மில்லி விநாடி இடைவெளி. 22.5-க்குள் ஆட வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும்.

ரீட் சுவிட்ச் எனக்குப் பிடித்த யோசனை. கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு நாக்கு. காந்தம் பக்கத்தில் வந்தால் சேரும். கதவுத் திருட்டு அலாரத்தில் இருப்பது இதுதான். உப்பு உள்ளே போகவே வழியில்லை. ஒரு கட்டத்தில் மட்டும் வைத்துப் பார்த்தேன். நடுவில் மிதித்தால் அருமை. ஓரத்தில் மிதித்தால் பலகை சாய்ந்து, காந்தம் எட்டாமல் போகிறது. நான்கு மூலைக்கும் வைத்தால் சரியாகலாம். அதற்குள் தடைக்காலம் முடிந்து கடையில் கூட்டம் வந்துவிட்டது.

பலகை

இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண ப்ளைவுட் வீட்டு அலமாரிக்கு ஓடும். ஐஎஸ் 710 என்று போட்ட மரைன் ப்ளைவுட், 18 மில்லிமீட்டர், எட்டுக்கு நான்கு தாள் வாங்கினால் இரண்டு பேடுக்கு அடிப்பலகை தேறும். அதையும் அப்படியே விடக்கூடாது. பக்கத்தில் ஃபைபர் படகு ஒட்டுகிற அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலெல்லாம் பெயிண்ட் அடிச்சிருக்க, அறுத்த ஓரத்த விட்டுட்டியே தம்பி. தண்ணி குடிக்கிறது அங்கதான்." படகுக்குக் கலக்கிய ரெசினில் மிச்சத்தை அவரே ஓரம் சுற்றிப் பூசிக்கொடுத்தார். சென்சார் பேடுக்கும் முன்பே இதைச் செய்திருந்தால் பாதி உப்பல் குறைந்திருக்கும்.

மேல் பலகைக்கு அக்ரிலிக் பளபளப்பாக இருக்கும், குதித்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் வளையும், உடையாது. கூரைக்குப் போடும் உள்ளே குழாய் குழாயாக இருக்கும் ரகம் வேண்டாம். கெட்டித் தாள் கேட்டு வாங்குங்கள். கடையில் விற்கும் மெத்து மெத்தென்ற வினைல் பாயைப் பற்றியும் கேட்பீர்கள்: சிமென்ட் தரையில் வழுக்கும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் ஏறினால் பிரித்துச் சுத்தம் செய்யவும் வழியில்லை.

எது வீட்டில் நிற்கிறது

தகட்டு பேடுதான். விளையாட்டில் சென்சார் ஜெயித்தது. ஏசி போட்ட, ஜன்னல் மூடிய அறையும் கையில் காசும் இருந்தால் நீங்கள் அதையே செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் மூடுவதில்லை. தகட்டு பேடில் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். ஈயம் ஒட்டாத தொல்லைக்குத் திருகு போட்டேன் இல்லையா, அதனாலேயே எட்டுத் திருகைக் கழற்றினால் முழுத் தகடும் கையோடு வந்துவிடுகிறது. துடைத்து மாட்ட அக்காவுக்கே தெரியும், என்னைக் கூப்பிடுவதில்லை.

வாடைக் காற்று பிடித்துவிட்டது, அரையாண்டு விடுமுறைக்கு ஆட்டம் களைகட்டும் என்று நேற்று நானே மூடியைத் திறந்தேன். தகடு நான்கும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வலப்பக்கக் கட்டத்தில் இரண்டு திருகு துருவேறித் தலை வழுக்குகிறது. எஸ்எஸ் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ரீட் சுவிட்சுக்கு வாங்கிய காந்தம் மேசையிலேயே கிடந்தது. 304 ரகத்தில் காந்தம் சரியாக ஒட்டாது. எடுத்துக் காட்டினேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது.