மிர்கா அப்ராநெட் வலைத்தாள்: ஃபைபர் பாடியின் பழைய பெயின்ட்டுக்குச் சரிப்படுமா?

இரும்புத் தகடாக இருந்தால் பெயின்ட் ரிமூவரைத் தடவி, பொங்கியதும் சுரண்டி எறிந்துவிடலாம். லோட்டஸ் எலான், பழைய கார்வெட் மாதிரிக் கார்களின் ஃபைபர் (கண்ணாடியிழை) பாடியில் அது நடக்காது. பெயின்ட்டும் பிசின், அடியில் இழையை மூடியிருக்கும் மெல்லிய ஜெல்கோட் பூச்சும் பிசின். எதைக் கரைப்பது, எதை விடுவது என்று ரிமூவருக்குத் தெரியாது. மெத்திலீன் குளோரைடு கலந்த ரகம்தான் மிக மோசம். ஜெல்கோட்டை ஊறவைத்து உள்ளே இறங்கிவிடும். புது பெயின்ட் அடித்து வண்டியை வெயிலில் நிறுத்தும்போது ஆவியாகி மேலே வந்து கொப்புளம் கிளப்பும். மூச்சுக்கும் ஆபத்து, அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அந்த வகை ரிமூவரை விற்க 2019ல் தடை வந்ததே அதனால்தான். 'ஃபைபருக்குப் பாதுகாப்பானது' என்று எழுதி விற்கும் ஜெல் ரகங்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மெதுவாக வேலை செய்யும், எச்சத்தைச் சுத்தமாகக் கழுவி எடுக்கவும் வேண்டும். ஹீட் கன் பக்கமே போகாதீர்கள். சாதாரண பாலியெஸ்டர் பிசின் 70 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும்.

மிஞ்சுவது பிளேடும் உப்புத்தாளும்தான். உப்புத்தாளில் மிர்கா என்ற ஃபின்லாந்துக் கம்பெனியின் அப்ராநெட் தனி ரகம். பெயர்தான் தாள், உண்மையில் துணி வலை. நூலின்மேல் தேய்க்கும் துகள் ஒட்டியிருக்கும், நடுவெல்லாம் ஓட்டை. வேக்குவம் மாட்டிய தேய்ப்பு மெஷினில் போட்டால் தூசி அந்த ஓட்டைகள் வழியாகவே உள்ளே போய்விடும். பழைய பெயின்ட் சூடாகிப் பிசுபிசுத்துத் தாளை அடைப்பதுதான் இந்த வேலையின் பெரிய தலைவலி. அது இதில் வெகுவாகக் குறைகிறது. தூசி மறைக்காததால் கீழே என்ன நிறம் வருகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஃபைபரில் அதுதான் முக்கியம்.

முதலில் மெழுகும் கிரீஸும் நீக்கும் திரவத்தால் பாடியைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் தேய்த்தால் பாலிஷில் இருந்த சிலிக்கான் கீறல்களுக்குள் ஏறி, புது பெயின்ட்டில் மீன்கண் மாதிரிச் சிறு குழிகளாக வரும். பிறகு ஓர் ஓரத்தில் 50 காசு அளவுக்கு, நடுவில் ஆழமாகவும் விளிம்பில் மேலோட்டமாகவும் தேய்த்துப் பாருங்கள். வளையம் வளையமாகத் தெரியும்: மேல் நிறம், சாம்பல் பிரைமர், முந்தைய உரிமையாளர் அடித்த நிறம், அதற்கும் கீழே பட்டி, கடைசியில் பளபளப்பில்லாத ஜெல்கோட். அதன் தடிமன் பொதுவாக அரை மில்லிமீட்டர்தான். முடி மாதிரி இழை தெரிந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். அச்சில் அழுத்திச் செய்த கார்வெட் தகடுகளில் ஜெல்கோட்டே கிடையாது. அங்கே பிரைமர் முடிந்ததும் நேராக இழைதான், எனவே கடைசிப் பிரைமரைக் கொஞ்சம் விட்டுவைத்தாலும் பரவாயில்லை.

மெஷினின் தேய்க்கும் வட்டு (பேட்) 150 மில்லிமீட்டர், அதன் சுழற்சி வீச்சு 5 மில்லிமீட்டர் போதும். வேகம் நடுத்தரம். வலைத்தாளுக்கும் பேடுக்கும் இடையே பேட் சேவர் என்ற மெல்லிய காப்புத் தகடு கட்டாயம். வலை திறந்திருப்பதால் சூடு நேராகப் பேடின் கொக்கிகளில் ஏறும். அவை மழுங்கியபின் தாள் பிடிக்காது. வளைவுகளுக்கு மெத்தென்ற இன்டர்ஃபேஸ் பேட் ஒன்றும் வேண்டும். P120 தாளில் தொடங்குங்கள் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). P80 சீக்கிரம் வெட்டும்தான், ஆனால் அதன் கீறல் ஜெல்கோட்டில் விழுந்தால் பட்டி போட்டுத்தான் மூட வேண்டிவரும். பானெட்டின் நடு மாதிரித் தட்டையான, பல அடுக்குப் பெயின்ட் ஏறிய இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் நெருங்கியதும் P180, பிறகு P240.

குறை இல்லாமல் இல்லை. கதவு விளிம்பில் பட்டால் வலை பிய்ந்துபோகும். விலையும் சாதாரணத் தாளைவிட நன்றாகவே அதிகம். வேக்குவம் இல்லாதவர் இதை வாங்கிப் பயனே இல்லை, சாதாரணத் தாளே போதும். ஓரங்களிலும் சக்கர வளைவுகளிலும் எந்த மெஷினும் வேண்டாம், இதுவும்தான். கூர்விளிம்பில் ஜெல்கோட் மெலிதாக இருக்கும், அடியில் காற்றுக்குமிழ் ஒளிந்திருந்தால் பொத்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டுவிட்டுக் கையால் தேயுங்கள். பாடியின் மடிப்புக்கோடுகள் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டிவிடுங்கள்.

பழைய பெயின்ட் காய்ந்து வெடித்திருந்தால் வலைத்தாளுக்கு முன் பிளேடே போதும். ஒற்றைமுனைச் சவர பிளேடின் இரு மூலைகளையும் சாணைக்கல்லில் லேசாக உருட்டிவிட்டு, படுக்கச் சாய்த்துத் தள்ளினால் மேல் அடுக்குகள் சில்லுச் சில்லாகப் பறக்கும். மூலையை உருட்டாவிட்டால் ஒவ்வொரு தள்ளலும் ஒரு கோடு கிழிக்கும். தூசியே இல்லாத வேலை என்பதால் பக்கத்து வீடு ஒட்டியிருக்கும் தரை வீட்டு முகப்புக்கு இதைவிட நல்லது இல்லை. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்துமிடத்தில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் பணிமனை வைத்திருப்பவர் யாரிடமாவது இடம் கேளுங்கள்.

பெயின்ட் போனபின் நட்சத்திர வடிவில் வெடிப்பு தெரிந்தால் பட்டியால் மூடாதீர்கள். V வடிவில் தோண்டி, கண்ணாடியிழை விரிப்பும் பிசினும் வைத்துக் கட்ட வேண்டும். வெறும் பட்டி என்றால் அதே இடத்தில் அதே நட்சத்திரம் திரும்ப வரும்.

அடுத்தது நம் ஊர் ஈரம். இழை தெரியும் பாடி தண்ணீரை உறிஞ்சும், எனவே நனைத்துத் தேய்க்க வேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழைக்காலத்தில் உரித்த பாடியைத் திறந்த முகப்பில் போட்டு வைக்காதீர்கள். மூடிய அறையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து உலர்த்தி, தாமதிக்காமல் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள். பழங்கால வாகனத் திட்டத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்ட முடியும். அந்த வண்டிக்கு என்ன அவசரம், காய்வதற்கு வேண்டிய நேரம் கொடுக்கலாமே.

தூசியைக் கண்ணாடித் தூசியாகவே நடத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். P100 என்ற நுண்தூசி வடிகட்டி வைத்த முகமூடி, முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் டேப். கழுவித் தள்ளிவிடலாம் என்று தூசியை வாசல் வடிகாலில் விடாதீர்கள். இங்கே பல வடிகால்கள் நீர்த்தேக்கத்தில்தான் போய் முடிகின்றன. இரட்டைப் பையில் இறுகக் கட்டுங்கள்.

வாங்குவதானால் P120 ஒரு பெட்டி, அதில் 50 தாள். P180, P240 சில்லறையாகக் கிடைத்தால் பத்துப் பத்து. பேட் சேவர் இரண்டு. பிளேடு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், ஜாலான் புசார் பக்கம் போனால் சாணைக்கல்லும் சேர்த்தே வாங்கிவிடலாம்.