எல்லாவற்றுக்கும் கைகொடுத்த பாலிசி, குடிநோய்க்கு மட்டும் கைவிரித்தது

குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுத்த ஹெல்த் பாலிசி ஒன்றை வருடக்கணக்காகப் புதுப்பித்து வருகிறோம். மாமியாரின் கண்புரை, பையனுக்கு வந்த டெங்கு, என் கர்ப்பப்பை ஆபரேஷன், எல்லாமே கேஷ்லெஸ்ஸில் சிக்கலில்லாமல் முடிந்தன. அந்தமட்டில் நல்ல பாலிசிதான். என் கணவரின் குடிநோய் விஷயத்தில்தான் இழுபறி.

குடியை நிறுத்துவதற்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறது. 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வாசகத்தை ஒழுங்குபடுத்திய விலக்குகளில் (பணம் தரத் தேவையில்லாதவற்றில்) 12-வது இது. சரி, தெரிந்துதான் எடுத்தோம். ஆனால் அதே வரியில் ‘அதன் விளைவுகளும்’ என்று ஓர் ஒட்டு இருக்கிறது பாருங்கள், வில்லங்கமே அதில்தான்.

கணைய வீக்கத்தோடு அவரைச் சேர்த்தோம். இது பித்தக்கல்லாலும் வரும், குடியாலும் வரும். டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘க்ரானிக் ஆல்கஹாலிக்’ என்று எழுதியிருந்தார். காப்பீட்டு நிறுவனத்திடம் முதலில் கிடைத்த கேஷ்லெஸ் அனுமதி, டிஸ்சார்ஜ் அன்று ரத்தானது. இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்த பெண் தாழ்ந்த குரலில், “குடிப்பார்னு நீங்களா ஏன் மேடம் சொன்னீங்க?” என்றார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான்.

சொல்லாமல் எப்படி இருப்பது? தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாத ஆளோடு பேசுகிற நிலைகூட வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. “கடைசியா எப்போ குடிச்சார்?” என்று நர்ஸ் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னதால்தான் அன்று இரவே நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசிபாமும், வைட்டமின் பி1 ஆன தயமின் ஊசியும் ஆரம்பித்தார்கள். பில்லுக்குப் பயந்து இதை மறைக்கும் குடும்பங்கள் எத்தனையோ.

இத்தனைக்கும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் வரையறையிலேயே மதுப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளைச் சேர்த்திருக்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 21(4) பிரிவு சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம், 12-வது விலக்கு ஒரு பக்கம். நடுவில் நாங்கள்.

ஸ்கேனில் பித்தக்கல் தெரிந்தது. இந்த வீக்கத்துக்குக் கல்தான் காரணம் என்று குடல் நிபுணர் கடிதம் கொடுத்தார். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு அதையும் ஏற்கவில்லை. அப்புறம் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போனோம். கட்டணம் இல்லை, நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். பணம் வந்தது. கல் இல்லாதிருந்தால் வந்திருக்காது.

குடிநோய்க்கான சிகிச்சையை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பார்க்கிறோம். ஆலோசனையும், குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். படுக்கையில் சேர்த்தால்தான் காசு தரும் பாலிசிக்கு, விலக்கே இல்லாவிட்டாலும் இதெல்லாம் கணக்கில் வராது.

பாலிசியை மாற்றவில்லை. வேறு நிறுவனத்துக்குப் போனால் விண்ணப்பத்தில் குடிப்பழக்கம் பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டும். அதன் பிறகு ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம்.