டா நாங்ல ரெண்டு மாசம்: ரூமுக்கு 3 ஸ்டார், ஒன்றரை மணி நேரத்துக்கு 5

வியட்நாம் டா நாங்ல ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் ஸ்டூடியோ எடுத்து ஏப்ரல், மே ரெண்டு மாசம் அங்கிருந்தே வேலை பாத்துட்டு பெங்களூர் திரும்பிட்டேன். ஆபீஸ்ல நம்ம தமிழ் கேங்ல தினம் ஒருத்தராவது "எவ்ளோ ஆச்சு, நெட் எப்டி, சாப்பாட்டுக்கு என்னடா பண்ண"ன்னு கேக்குறாங்க, ஒரே கதைய சொல்லி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதியே போட்டுடறேன். பில்டிங் பேரு போடல, குறை சொல்ல போறேன், ஓனரம்மா பாவம் நல்லவங்க.

மொதல்ல காசு. மை கே பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஆன் துவாங்னு வெளிநாட்டுக்காரங்க நெறைய தங்குற ஏரியா, மாசம் 80 லட்சம் டாங். பயந்துடாதீங்க, 1 ரூபாய்க்கு கிட்டத்தட்ட 300 டாங், நம்ம காசுல 26,000 சொச்சம். பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்ல நான் குடுக்குற வாடகையும் அந்த ரேஞ்சு தான், ஸோ சும்மா "செம்ம சீப்பு மச்சி"ன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. ஆனா கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், வாரம் ரெண்டு தடவை க்ளீனிங் எல்லாம் அதுக்குள்ளயே, அட்வான்ஸ் ஒரே ஒரு மாச வாடகை. இங்க பத்து மாச அட்வான்ஸ் குடுத்து, காலி பண்றப்ப பெயின்டிங்னு ஒரு மாசத்த பிடிச்சுக்கிட்டத பாத்தவனுக்கு அது பெரிய விஷயம்.

கரெண்ட் மட்டும் தனி, யூனிட் 4,000 டாங். மாசம் பொறந்தா ஓனரம்மா வந்து மீட்டர போட்டோ எடுத்து, கால்குலேட்டர்ல தட்டி என் மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. ராவும் பகலும் ஏசி போட்டதுல மொத மாசம் 300 யூனிட், 12 லட்சம் டாங், அதாவது 4,000 ரூபா. கர்நாடகால க்ருஹ ஜோதி இலவச கரெண்ட் திட்டம் வந்ததுல இருந்து கரெண்ட் பில்லுல சைபர் பாத்து பழகுன ஆளு நான், அங்கயும் சைபர் தான், என்ன, 12க்கு பின்னாடி அஞ்சு சைபர். ஓனரம்மாவ, நம்ம அக்கான்னு கூப்பிடற மாதிரி "ச்சி"ன்னு கூப்பிடணுமாம், ரெண்டு மாசமும் மரியாதையா கூப்பிடறேனா திட்டறேனான்னு எனக்கே டவுட்டா இருந்துச்சு.

இப்ப ரூமோட குறை. போட்டோல "சீ வியூ"ன்னு போட்டிருந்தாங்க, பொய் இல்ல, ஆனா அந்த கடலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவுல புதுசா ஒரு பில்டிங் எழும்பிட்டு இருந்துச்சு, காலைல 7 மணிக்கு ட்ரில்லிங் ஆரம்பிச்சா மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தான் மூச்சு விடுவாங்க. அது ஓஞ்சா சாயங்காலம் எதிர் வீட்டுல பெரிய ஸ்பீக்கர் வச்சு கரோக்கே. ஒரு நாள் க்ளையன்ட் கால்ல மியூட் பண்ண மறந்து மொத்த டீமும் வியட்நாமிய சோகப்பாட்டு கேட்டாச்சு. டேபிள்னு குடுத்தது பவுடர் பூசுற டேபிள் சைஸ், லேப்டாப் வச்சா டம்ளர் வைக்க எடம் இல்ல. அதனால பாதி நாள் காபி கடைல தான். டம்ளர் மேல குட்டி அலுமினிய ஃபில்டர் வச்சு சொட்டு சொட்டா எறக்குவாங்க, அடியில கண்டென்ஸ்டு மில்க். நம்ம ஃபில்டர் காபிக்கு தம்பி முறை, ஆனா தம்பி ஜிம்முக்கு போயிருக்கான், மூணு மணிக்கு மேல குடிச்சா தூக்கம் போச்சு.

நெட் பத்தி எல்லாரும் வைஃபை ஸ்பீடு மட்டும் கேக்குறாங்க. ஸ்பீடு டெஸ்ட்ல சூப்பரா தான் வரும். பிரச்சனை கடலுக்கடியில. வியட்நாமோட வெளிநாட்டு நெட் டிராஃபிக்ல பெரும்பகுதி கடல் கேபிள் வழியா தான் போகுது, அதுல ஏதாவது ஒண்ணு அடிக்கடி பழுதாகும், 2023 பிப்ரவரில அப்ப இருந்த அஞ்சு கேபிளும் ஒரே சமயத்துல பழுது. எனக்கும் ஒரு வாரம் ஆபீஸ் விபிஎன் ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. பேக்கப்புக்கு சிம் வாங்கி வச்சிருந்தேன், பிரயோஜனம் இல்ல, அதுவும் அதே கேபிள்ல தான போகணும்.

அப்புறம் ஏன் அஞ்சு ஸ்டார்னா, நேரம். அங்க நம்மள விட ஒன்றரை மணி நேரம் முன்னாடி. நம்ம 10 மணி டீம் மீட்டிங் அங்க பதினொன்றரை. மே மாசம் அஞ்சே காலுக்கெல்லாம் வெளிச்சம், அஞ்சு மணிக்கே அந்த ஊரு தாத்தா பாட்டிங்க எல்லாம் கடல்ல எறங்கி கழுத்தளவு தண்ணில நின்னு ஊர்க்கதை பேசிட்டு இருப்பாங்க, நானும் போய் ஓரமா நிப்பேன். குளிச்சு சாப்ட்டு துணி காயப்போட்டு லேப்டாப் தொறந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக்ல க்ளட்ச் மிதிச்சிட்டு இருக்குற நேரம் அது. அமெரிக்கா கால் இருக்குறவங்க மட்டும் யோசிங்க, இங்க ராத்திரி 9 மணி அங்க பத்தரை.

சைவக்காரங்களுக்கு: "சாய்"னு போர்டு பாத்து டீக்கடைன்னு உள்ள போயிட்டேன், அது சைவ சாப்பாட்டுக் கடை! மத்த கடைகள்ல காய்கறிலயும் மீன் சாஸ் ஊத்துவாங்க, கேட்டு சாப்பிடுங்க. அம்மா குடுத்த பருப்புப்பொடி பத்து நாள்ல காலி. லீவு நாள்ல சாம் மியூசியம் (பழைய சாம்பா ராஜ்ஜியத்து சிற்பங்கள் இருக்குற எடம்) போனேன், உள்ள வரிசையா சிவலிங்கமும் ஆவுடையாரும், டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்து செருப்ப கழட்டலாமா வேணாமான்னு ஒரு நிமிஷம் முழிச்சேன்.

20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். இளநீ கடைல மாத்தி குடுத்துட்டு நான் பாட்டுக்கு நடக்க, அந்த அம்மா பின்னாடியே ஓடி வந்து கைல திணிச்சுட்டு தலைல அடிச்சுக்கிட்டு போனாங்க.

ஈ-விசா 90 நாள், சிங்கிள் என்ட்ரி 25 டாலர், அரசாங்க சைட்லயே போடுங்க. ஆனா டூரிஸ்ட் விசா வேலைக்கான பர்மிட் கிடையாது, ஹெச்ஆர் கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்காம கெளம்பாதீங்க. ஸ்கூட்டர் எடுக்கறதா இருந்தா, நம்ம ஆர்டிஓ குடுக்குற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் 1949 சாலை போக்குவரத்து ஒப்பந்தப்படி, அவங்க ஏத்துக்கறது 1968 ஒப்பந்தத்த, அடிபட்டா இன்சூரன்ஸ் கைய விரிச்சிடும், நான் கிராப் டாக்சி ஆப்லயே சுத்தினேன். அக்டோபர், நவம்பர் மட்டும் வேணவே வேணாம், மழை வெள்ளம்.

ஓனரம்மா நம்பர் வேணும்னா ஆபீஸ்ல நேர்ல கேளுங்க. கடல் பக்கத்து ரூம் மட்டும் கேட்டுடாதீங்க.