"மிரர் லென்ஸ்னா அப்படித்தான்" என்று சொல்கிறவரிடம் ஜாக்கிரதை

உள்ளே ஆடி வைத்த பழைய ரஷ்ய மிரர் லென்ஸ் ஒன்றை வாங்கி மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் பறவைப் படம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ரூ.18,500 கொடுத்து நான் வாங்கிய எம்டிஓ-500, யாரோ கழற்றிப் பார்த்து, கண்ணாடியைத் துணியால் தேய்த்து, திரும்பவும் மூடி, "மின்ட் கண்டிஷன், ஃபங்கஸ் இல்லை, அடாப்டரோடு ரெடி" என்று விற்கப்பட்ட லென்ஸ். விற்றவர் வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் பழைய லென்ஸ்களைத் தொடர்ந்து விற்பவர். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை.

இந்த லென்ஸ் மேல் ஆசை வரக் காரணம் உண்டு. மக்சூதோவ் என்ற சோவியத் ஒளியியல் நிபுணர் 1941ல் வகுத்த அமைப்பு அது. முன்னால் வளைந்த தடிமனான கண்ணாடி, பின்னால் குழி ஆடி, நடுவில் சின்ன ஆடி. ஒளி உள்ளேயே இரண்டு முறை திரும்பி வருவதால் 500 மில்லிமீட்டர் லென்ஸ் கையடக்கமாகிவிடுகிறது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் எம்டிஓ வரிசை பெரும் பரிசு வாங்கியது. ரஷ்ய ஜெனித் கேமராக்கள் இந்தியாவில் நிறைய விற்ற காலம் ஒன்று இருந்ததால் அந்தக் காலத்து ரஷ்ய லென்ஸ்கள் இன்னும் சில வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஆனால் எம்டிஓ அதிகம் கண்ணில் படாது. அதனால்தான் "ரேர் பீஸ்" என்று போட்டதும் கை பரபரக்கிறது.

லென்ஸ் வந்தது. தோல் பெட்டி, மூடி எல்லாம் சுத்தம். ட்ரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, இரண்டு நொடி டைமரில் எதிர்த் தெரு தண்ணீர்த் தொட்டியின் ஏணியை எடுத்தேன். ஸ்க்ரீனில் பத்து மடங்கு பெரிதாக்கியும் ஏணிப்படி கோடாகவே வரவில்லை. ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு நிழல் ஒட்டிக்கொண்டே இருந்தது.

விற்றவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ப்ரோ, மிரர் லென்ஸ்னா அப்படித்தான் இருக்கும். காண்ட்ராஸ்ட் கம்மி. நீங்க டிஜிட்டல் லென்ஸ்ல பழகினவங்க."

என்னை ரொம்ப நாள் கட்டிப்போட்டது இந்த ஒரு வரிதான். இதில் பாதி உண்மை. மிரர் லென்ஸில் காண்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாடு, குறைவு, சரி. நடு ஆடி மறைப்பதால், ஒளி நுழையும் திறப்பு எஃப்8 என்று எழுதியிருந்தாலும் அரை ஸ்டாப் அளவுக்கு வெளிச்சம் குறையலாம், அதுவும் சரி. அந்தத் திறப்பை, அதாவது அப்பர்ச்சரை, கூட்டிக் குறைக்க முடியாது. பின்னணியில் இருக்கும் ஒளிப் புள்ளிகள் மெதுவடை மாதிரி வளையமாக விழும். மிகத் தூரக் காட்சிக்கான இன்ஃபினிட்டி குறியைத் தாண்டி ஃபோகஸ் வளையம் கொஞ்சம் சுற்றும். வெயிலில் உலோகக் குழல் நீண்டாலும் தூரக் காட்சி ஃபோகஸ் ஆகட்டும் என்று வேண்டுமென்றே வைத்த இடம் அது. ஏசி அறையிலிருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோனால் குழலுக்குள் காற்று அலையடித்துப் படம் கொதிக்கிற மாதிரி ஆடும், அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இதெல்லாம் லென்ஸின் இயல்பு. ஆனால் நல்ல எம்டிஓ, படத்தின் நடுவில் கூர்மையாக இருக்கும். காண்ட்ராஸ்ட் குறைந்த லேசான மங்கல் வேறு, ஒரே பக்கமாக இழுக்கும் நிழல் வேறு. முதலாவது இயல்பு, இரண்டாவது பழுது. விற்பவர் பழுதை இயல்புக்குள் ஒளித்து வைக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, காசே செலவில்லை. இரவில் தூரத்தில் ஒரு சின்ன விளக்கை, அல்லது வானத்தில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை, படத்தின் நட்டநடுவில் வையுங்கள். ஃபோகஸை ஒரு பக்கம் கொஞ்சம் விலக்குங்கள். வெளிச்ச வளையமும் நடுவில் கறுப்பு ஓட்டையும் தெரியும். அப்புறம் எதிர்ப் பக்கம் விலக்குங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை வளையத்தின் மையத்தில் இருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. ஓட்டை ஓரமாக ஒதுங்கியிருந்தால் ஆடி சாய்ந்துவிட்டது. வளையம் வட்டமாக இல்லாமல் மூன்று மூலையாகத் தெரிந்தால் ஆடியைப் பிடித்திருக்கும் வளையத்தை யாரோ அளவுக்கு மீறி முறுக்கி, கண்ணாடியே நெரிந்திருக்கிறது என்று பொருள். எம்டிஓ லென்ஸை டெலஸ்கோப்பாகப் பயன்படுத்தும் அமெச்சூர் வானியலாளர்கள் இந்த மூன்று மூலையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

என் லென்ஸில் ஓட்டை வலது கீழ் மூலைக்குப் போயிருந்தது. வளையம் ஒரு பக்கம் தடியாக, மறுபக்கம் நூல் மாதிரி.

அண்ணா சாலைப் பக்கம் பழைய கேமரா சர்வீஸ் செய்யும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் கேமராவில் மாட்டவே இல்லை. டேபிள் விளக்கைச் சாய்த்து, பின்பக்கத்து வளையத்தை மட்டும் பார்த்தார். அந்த வளையத்தைக் கழற்ற ஸ்பேனரின் முனை உட்காரும்படி இரண்டு சின்ன வெட்டு இருக்கும். இரண்டிலும் கறுப்புப் பெயின்ட் உரிந்து பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

"தம்பி, இதை ஏற்கெனவே திறந்திருக்காங்க. சரியான ஸ்பேனர்கூட இல்ல, கத்திரிக்கோல் முனையால திருகியிருக்காங்க."

"இப்ப திறந்து நேராக்க முடியுமாங்க ஐயா?"

"சாய்மானத்தைச் சரி பண்ணலாம். தேய்ச்ச பூச்சு வராது."

திறந்தபோது அதுவும் தெரிந்தது. பெரிய ஆடியின் பூச்சில் வட்ட வட்டமாகத் துணியின் தடம். முன்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் தெரியாது. சாய்வாக அடித்தால்தான் தெரியும். விற்றவர் அனுப்பிய படங்கள் எல்லாமே நேரே முன்னாலிருந்து எடுத்தவை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: உள்ளே நாலு தூசி, கண்ணாடிக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் இருந்தால் பயப்பட வேண்டாம், அதனால் படம் கெடாது. கெடுப்பது அந்தத் தூசியைத் துடைக்கப் போன கைதான். தூசியோடு கிடக்கும் லென்ஸை நம்பி வாங்கலாம், துடைத்துப் பளபளக்கும் லென்ஸைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி மாதிரிப் படம். வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு நிலாப் படம் வந்திருந்தது, பள்ளங்கள் தெளிவாகத் தெரியும் படம். சண்டை முற்றியபோது, லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்று காட்ட அதே படத்தை டாக்குமென்ட்டாக, ஒரிஜினல் ஃபைலாக அனுப்பினார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கேமரா பதிந்த விவரங்கள் அழிந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். திறந்து பார்த்தால் 600 மில்லிமீட்டர், எஃப்6.3 என்று பதிந்திருக்கிறது. எம்டிஓவுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பே கிடையாது. வெறும் உலோக அடாப்டரில் மாட்டிய லென்ஸின் அப்பர்ச்சர் கேமராவுக்குத் தெரியவே தெரியாது, அந்த இடம் காலியாகவோ சுழியமாகவோ இருக்கும். ஆக அது ஏதோ ஒரு புது ஆட்டோஃபோகஸ் லென்ஸில் எடுத்த படம். இதைக் கேட்டதும் என்னை ப்ளாக் செய்துவிட்டார். அதே நிலாப் படம் இப்போது அவர் விற்கும் இன்னொரு மிரர் லென்ஸின் கீழேயும் இருக்கிறது.

அதனால் மாதிரிப் படம் கேட்டால் ஃபைலாகக் கேளுங்கள், பின்னணியில் இலைகளுக்கு நடுவே வெயில் புள்ளிகள் இருக்கும் படமாகக் கேளுங்கள். வளையம் விழாத படம் மிரர் லென்ஸ் படம் இல்லை. கூடவே நான் மேலே சொன்ன இரவு விளக்குப் படத்தை இரண்டு பக்கமும் ஃபோகஸ் விலக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஆளுக்கு அது பத்து நிமிட வேலை.

லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரைப் பற்றியும் கொஞ்சம். இந்த லென்ஸில் இருக்கும் எம்42 திருகு மறையில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 45.46 மில்லிமீட்டர், சோனி மிரர்லெஸ் கேமராக்களின் ஈ மவுண்டில் 18. எனவே அடாப்டர் 27.46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், இன்ஃபினிட்டிக்கு அப்பால் விட்ட அந்த இடமும் போதாத லென்ஸில், 500 மில்லிமீட்டருக்கு 250 மீட்டருக்கு மேல் எதுவும் ஃபோகஸ் ஆகாது. கொஞ்சம் குறைவாக இருந்தால் பாதகமில்லை. நிகான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களிடம் "நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் தருகிறேன்" என்று சொல்வார்கள். நிகான் எஃப் மவுண்டின் இடைவெளி 46.5, எம்42வைவிட அதிகம், அதை ஈடுகட்டத்தான் அந்தக் கண்ணாடி. மலிவான கண்ணாடி இருக்கிற கூர்மையையும் தின்றுவிடும். வேண்டாம். எனக்கு வந்த அடாப்டரின் அளவு சரி, ஆனால் மறையைப் பிடிக்கும் மூன்று குட்டி ஸ்க்ரூக்களும் தளர்ந்திருந்தன. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள லென்ஸில் இது ஆபத்து. ட்ரைபாடை எப்போதும் லென்ஸின் பாதத்தில் மாட்டுங்கள், கேமராவில் மாட்டாதீர்கள்.

பணம் யுபிஐயில் போனது, தானாகத் திரும்ப வராது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். தொழிலாக விற்பவர் என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். என் தாக்கலுக்குப் பெரியவர் கைப்பட எழுதித் தந்த சர்வீஸ் சீட்டு, வளையப் படங்கள், அந்த நிலா ஃபைல் மூன்றையும் இணைக்கிறேன். இதே ஆளிடம் வாங்கி "மிரர் லென்ஸ்னா அப்படித்தான்" என்று கேட்டு அடங்கிப்போனவர்கள் யாராவது இருந்தால், இன்று இரவே ஒரு தெருவிளக்கை ஃபோகஸ் விலக்கி எடுத்துப் பாருங்கள். ஓட்டை ஓரத்தில் இருந்தால், அந்த உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.