காந்தி நகர் கிளினிக்: காமாலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் கண் மஞ்சளானதும் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனோம். கல்லீரல் டாக்டர் சாயங்காலம் மட்டும் வருவார். பெஞ்சில் இடம் கிடைக்காது, வாசல்படியில்தான் டோக்கனோடு உட்கார வேண்டும்.

ரத்த டெஸ்ட்டில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 1840, மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிரூபின் 9, இரண்டுமே ரொம்ப அதிகம். ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எத்தனை போட்டான், டிபி மாத்திரை உண்டா, ஜிம் பவுடர், நாட்டு மருந்து, தண்ணீர் எங்கே குடிப்பான்? அப்புறம் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, எலி பேஸ்ட் ஏதாவது சாப்பிட்டானா என்று அவனிடம் தனியாக விசாரித்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரே கோபம். நம்ம ஊரில் அதைத் தின்று கல்லீரல் போய் வருகிறவர்களைப் பார்த்த டாக்டர் கேட்காமல் விடுவாரா? ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் பூச்சி கடித்த கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், இடுப்பு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் ஏ, பி, ஈ மூன்றும் நெகட்டிவ். சி வைரஸுக்கு ஆன்டிபாடி தெரிய வாரக்கணக்கில் ஆகலாம் என்று, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ டெஸ்ட் பார்க்கச் சொன்னார். அதுவும் இல்லை. "ஏதோ வைரஸ் மாதிரிதான் தெரியுது. பேர் கிடைச்சாலும் வைத்தியம் பெரும்பாலும் இதேதாம்மா" என்றார். மஞ்சள் இறங்காவிட்டால் ஆட்டோஇம்யூன் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவது), வில்சன் நோய் (உடம்பில் தாமிரம் சேர்வது) டெஸ்ட்டுகள் பார்க்கலாமாம்.

அவர் கண்ணெல்லாம் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் மேல்தான். எஸ்ஜிபிடி குறைந்துகொண்டே வந்து ஐஎன்ஆர் ஏறினால் அது நல்ல செய்தி இல்லை, கல்லீரல் கைவிடுகிறது என்று அர்த்தம் என்று காகிதத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். பகலில் தூங்கி ராத்திரி முழித்தாலோ, பேச்சு குழறினாலோ விடியக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

அம்மா அரைத்து வைத்திருந்த கீழாநெல்லியை நிறுத்தச் சொல்லிவிட்டார். உப்பில்லாப் பத்தியமும் வேண்டாம், இட்லி, சாதம், முட்டை, பசித்ததைச் சாப்பிடலாம். குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று அம்மா கெஞ்சியும் வாந்தி மாத்திரை மட்டும்தான் எழுதினார்.

டாக்டருக்கு ஐந்துக்கு ஐந்து. கிளினிக்குக்கு மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஃபோனை யாரும் எடுப்பதில்லை. ஐஎன்ஆரை நம்பி உட்கார்ந்திருக்கிற நோயாளிக்கு அன்றைக்கு ரிப்போர்ட் வந்தால் யாரிடம் காட்டுவது?