சொந்த விளையில் சமாதியா, கேஸ் தகனமேடையா?

தமிழ்நாடு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், துஷ்டி (சாவு) வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது "எப்ப எடுக்குறாங்க?", அடுத்தது "எங்க வைக்குறாங்க?". அந்த இரண்டாவது கேள்விக்கு எங்கள் பகுதியில் நாலு விடை உண்டு. சொந்த விளையில் (தோட்டத்தில்) அடக்கம், சர்ச் கல்லறைத் தோட்டம், கேஸ் தகனமேடை, மெடிக்கல் காலேஜுக்கு உடல்தானம். அப்பா தவறியபோது நாங்கள் கேஸ் தகனமேடைக்குப் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அதனால் நடுநிலையான அலசலை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

விறகுச் சிதையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பாறசாலைப் பக்கம் வளவில் நிற்கும் மாமரத்தை வெட்டித் தகனம் செய்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் ஒரு உடலுக்கு முந்நூறு நானூறு கிலோ விறகு வேண்டும், எங்களுக்கோ வருஷத்தில் இரண்டு மழைக்காலம். முஸ்லிம் வீடுகளில் இந்த விவாதமே கிடையாது. குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுகை முடித்து, முடிந்தவரை அன்றைக்கே கபரில் வைத்துவிடுகிறார்கள். பார்க்கப் பொறாமையாகக்கூட இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் அப்பா கோயில், அம்மா சிஎஸ்ஐ சர்ச், பெரியப்பா அய்யா வைகுண்டரின் அய்யாவழி. பெரியப்பாவுக்கு எரிப்பது என்ற பேச்சே ஆகாது. தர்மயுகத்துக்குக் காத்திருக்கும் உடல், வடக்கு பார்த்து மண்ணுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் நான் வாதாட மாட்டேன், அது நம்பிக்கை. ஆனால் அப்பாவையும் விளையில்தான் வைக்க வேண்டும் என்று சித்தப்பா நின்றது நம்பிக்கையால் அல்ல, "நம்ம வீட்டுல எல்லாரையும் அங்கதாண்டே வச்சிருக்கோம்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். முக்கால்வாசி வீடுகளில் மதத்தின் பேரில் நடக்கும் சண்டை இப்படி வழக்கத்தைப் பற்றியதுதான். எரித்தால் சர்ச்சில் பூசை கிடையாது என்று சொல்லும் கத்தோலிக்க உறவினர்கள் எனக்கு உண்டு. வத்திக்கான் 1963-லேயே தகனத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. 2016-இல் வந்த விளக்கம், சாம்பலைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, கல்லறை மாதிரியான புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறது. 2020 கொரோனா நேரத்தில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் தகனத்துக்கு அனுமதி கொடுத்ததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சரி, விளைக்கு வருவோம். அதன் வசதிகளைச் சொல்லவே வேண்டாம். செலவு குறைவு, யாரிடமும் வரிசையில் நிற்க வேண்டாம், நினைத்தபோது போய் ஒரு விளக்கு வைக்கலாம். சிக்கல் இருபது வருஷம் கழித்து, பாகம் வைக்கும்போது வருகிறது. தாத்தாவின் சமாதி இருக்கும் பன்னிரண்டு சென்ட் ஒரு அத்தை பங்குக்குப் போனது. மகள் கல்யாணத்துக்காக அதை விற்க வேண்டி வந்தபோது, வந்த ஆள் தென்னையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மூலையில் டைல்ஸ் ஒட்டிய சமாதியைப் பார்த்ததும் புரோக்கரைத் தனியே கூப்பிட்டார். சென்ட் விலை அங்கேயே இறங்கியது. கடைசியில் பத்திரத்தில் சமாதி இருக்கும் ஒரு சென்ட் நீங்கலாக என்று எழுதி, அதற்கு மூன்றடி நடைபாதையும் விட்டார்கள். வாங்கியவர் மதில் கட்டினார், கேட் வைத்தார், நாய் வளர்த்தார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய இடம். ஆனால் தாத்தாவின் நினைவு நாளில் விளக்கும் தீப்பெட்டியுமாக வெளியே நின்று "சேட்டா, நாயைக் கொஞ்சம் பிடிச்சுக் கட்டுங்க" என்று கேட்க வேண்டியிருந்தது, ஒரு கட்டத்தில் எல்லாரும் போவதையே நிறுத்திவிட்டார்கள். டைல்ஸ் பெயர்ந்து, மேலே குருமிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. துபாயில் இருக்கும் அண்ணனும் பெங்களூரில் இருக்கும் தங்கையும் அப்பாவின் சமாதியைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் எப்படி நம்ப?

இதில் சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கான 1999 விதிகளின்படி, உரிமம் பெற்ற மயானம் இல்லாத இடத்தில், வீட்டுக்கோ குடிநீர் எடுக்கும் இடத்துக்கோ 90 மீட்டருக்குள் புதைக்கக் கூடாது. வளவுக்கு வளவு வீடும் கிணறுமாக இருக்கும் எங்கள் ஊரில் 90 மீட்டருக்கு எங்கே போக? பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைத் தகராறு வரும் வரைக்கும் யாரும் கேட்பதில்லை, அப்புறம் முதலில் கேட்பது இதைத்தான்.

கேஸ் தகனமேடையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அஸ்தி அன்றைக்கே மண்கலயத்தில் கைக்கு வந்துவிடும். திருவனந்தபுரத்தில் இருக்கும் உறவினர்கள் தைக்காடு சாந்திகவாடம் தகனக்கூடத்துக்குப் பல வருஷமாகப் போகிறார்கள், அவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. போகிறவர்கள் இரண்டு காரியம் கவனியுங்கள். இறந்தவருக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்னாடியே டாக்டரிடம் சொல்லி எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும். தகனமேடையில் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யும்போது தேவைப்படும். குறை இல்லாமல் இல்லை. கொள்ளி வைக்கிற சடங்கை ஒரு கற்பூரத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், கதவு மூடும் சத்தம் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தாங்கவில்லை, அடுத்த வண்டி வெளியே காத்து நிற்பது நமக்கே தெரிகிறது. சித்தப்பா இன்றைக்கும் "ஆபீஸ்ல ஃபைல் குடுத்த மாதிரி குடுத்துட்டு வந்தாச்சு" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அஸ்தியைக் கன்னியாகுமரி முக்கடலில் கரைத்த பிறகு, வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றில் பலி (தர்ப்பணம்) போட்டுவிட்டு, அங்கே நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில் ஒரு செடி வாங்கி வருகிறோம். ஆற்றை யாரும் விற்க முடியாது, அண்ணன் லீவில் வந்தால் அவனும் வருவான், வராவிட்டாலும் குறையில்லை.

உடல்தானம் எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை, அதனால் நிறையப் பேச எனக்குத் தகுதியில்லை. ஒன்று மட்டும். கேரளத்தில் சிபிஎம் தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் மறைந்தபோது, மகன் உடலை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுக்க வேண்டும் என்றார், மகள் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார். வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, 2025 ஜனவரியில் அங்கேயும் மகளின் மனுவைத் தள்ளினார்கள். அந்த ஆசை இருப்பவர்கள் எழுதி வைப்பதோடு நிறுத்தாமல், எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

சர்ச் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்க ஒரு சபை இருக்கிறது, அது பெரிய பலம். சபையோடு மனத்தாங்கல் வந்தால்தான் பாடு. கேரளத்தில் யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் என்ற இரண்டு சபைகளின் சண்டையில் பிணத்தை அடக்கம் செய்யவே தகராறாகி, கேரளம் 2020-இல் அதற்கென்று ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. அப்பா விஷயத்தில் இவ்வளவு பேசினேனே தவிர, அம்மா தன் அம்மா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். அவள் பேரில் சபைச் சந்தாவை நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், மார்ச் வரைக்கும் பாக்கி இல்லை.