மண்டபமா, மைதானமா, தெருவா: மலையக நகரங்களில் ஊர் விழாவை எங்கே வைப்பது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று எந்த ஊரை எடுத்தாலும் சரி, ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து பொங்கல் விழாவோ சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியோ வைக்க நினைத்தால் கையில் இருப்பது மூன்று வழிதான்: கோவில் மண்டபம், நகர சபை மைதானம், இல்லாவிட்டால் தங்கள் தெருவே. என்னைக் கேட்டால் தெருதான் நல்லது. ஆனால் இன்றைக்கு அதிகமாக அலையவைக்கும் வழியும் அதுதான்.

முதலில் மண்டபம். கூரை இருக்கிறது, நம் ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. ஹட்டன் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் பெரிய மழை. இந்த மாதங்களில் கூட்டம் வைத்தால் மண்டபத்தை விட்டால் வேறு வழியில்லை. கோவில் நிர்வாக சபையோடு பேசினால் போதும், கதிரையும் பாத்திரமும் அங்கேயே இருக்கும். ஆனால் நம் தெருக்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். கோவிலுக்குள் நடக்கும் விழாவுக்கு அழைப்பு கொடுத்தாலும் பலர் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, இடம் அப்படி.

மைதானம் என்றால் மலையில் சமதரையே அரிது. ஹட்டனுக்கு டன்பார் மைதானம் போல ஊருக்கு ஒன்றிரண்டு. கிரிக்கெட், அரசியல் கூட்டம், களியாட்ட விழா எல்லாம் அதே இடத்தில்தான். நூறு பேர் கூடும் தெரு விழா அங்கே போனால் காணாமல் போய்விடும், கட்டணம், மேடை, ஜெனரேட்டர் என்று செலவும் ஏறும். மேட்டு வீட்டுப் பாட்டி இறங்கி வந்து திரும்ப ஏறிப் போவது எப்படி? மாசியில் தப்படித்து விடிய விடிய ஆடும் காமன் கூத்து போன்றவற்றுக்கு மட்டும் திறந்த மைதானமோ பழைய காமன் பொட்டலோதான் பொருத்தம், அதை வீடுகளுக்கு நடுவே கொண்டுவரச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் தெரு. பிரதான வீதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஹட்டன் நகருக்குள் ஓடுவது ஏ7, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் பஸ்களும் அந்த ஊர் வழியாகத்தான் போகின்றன, அதை மறிக்க நினைப்பதே தப்பு. நான் சொல்வது நகர சபைக்குச் சொந்தமான உள் தெருக்களை, ஒரு பக்கத்தால் மூடினாலும் மறுபக்கத்தால் சுற்றிப் போகக்கூடியவற்றை. அங்கே விழா வைத்தால் யாரையும் அழைக்கத் தேவையில்லை, கதவைத் திறந்தால் விழா. பிள்ளைகள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். எந்தச் சமயத்தாருக்கும் அது வேற்று இடமில்லை.

கஷ்டம் அனுமதியில்தான். தெருவை மறிக்கச் சபையின் கடிதம், போக்குவரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பொலிஸ், சாப்பாடு கொடுத்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவர் அவருடைய கடிதத்தை முதலில் கேட்பார், அவர் இவருடையதை. இதற்குள் விழாவுக்குச் சேர்ந்த இளைஞர்கள் பாதிப் பேர் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு யோசனைகள் பேசப்படுகின்றன. ஒன்று, எல்லா அனுமதியையும் ஒரே மேசையில் கொடுப்பது. நியூயோர்க்கில் அப்படி ஒரு தனி அலுவலகமே இருக்கிறது, ஆனாலும் தெரு விழாவுக்கு 60 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மற்றது, இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே நிரந்தரமாகக் குறித்துவிடுவது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இலிருந்து இது நடக்கிறது. ஞாயிறு காலைகளில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வீதிகளில் வாகனம் இல்லை, மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓடுகிறார்கள், ஒருவரும் விண்ணப்பம் எழுதுவதில்லை.

நம் சபைகளுக்கு இரண்டாவதுதான் சரிவரும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரே மேசை வைக்க ஆள் வேண்டும், அந்த ஆள் லீவில் போனால் மேசையும் மூடிவிடும். குறித்த பட்டியலுக்கு ஒரு தீர்மானம் போதும்: இந்தத் தெருக்கள், மாதத்தில் இந்த ஞாயிறு, காலை முதல் மாலை வரை, இத்தனை நாளுக்கு முன் எழுத்தில் அறிவித்தால் சரி. அறிவித்தல் மட்டும் போதுமா என்று தயங்குபவர்கள் பொலிஸ் கட்டளைச் சட்டத்தைப் பார்க்கட்டும், ஊர்வலத்துக்கே அது கேட்பது ஆறு மணித்தியாலத்துக்கு முந்திய அறிவித்தலைத்தான். வெசாக் நாட்களில் வருவோர் போவோருக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலும் அப்படித்தான் நடக்கிறது. சுகாதாரப் பணிமனையில் பதிந்ததும் பரிசோதகர் வந்து தண்ணீரையும் சமைக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார். அதே ஒழுங்கைப் பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் விரித்தால் என்ன?

ஒலிபெருக்கி வேறு விஷயம், அதில் தளர்வு கேட்கக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது நியாயம், மெல்லிய பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளி படுத்திருக்கும் ஊர் இது. பகல் விழா என்றால் இந்தப் பிரச்சினையே வராது.

தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அங்கே நிலம் கம்பனியிடம், கேட்க வேண்டியது துரையிடம்.

நகரங்களில் இருப்பவர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு 2025 மே தேர்தல் வரைக்கும் கேட்பதற்கு உறுப்பினரே இல்லை, இப்போது இருக்கிறார்கள். உங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கடையிலும் ஆட்டோ தரிப்பிடத்திலும் கையெழுத்து வாங்குங்கள், அம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்று ஒரு தாளில் வரைந்து இணையுங்கள், வட்டார உறுப்பினரிடம் கொடுத்து அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் பிரேரணையாக வைக்கச் சொல்லுங்கள். தமிழும் அரச கரும மொழிதான், கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். முதல் வருடத்தில் ஒரு சபை மூன்று தெருக்களைக் குறித்தால்கூடப் போதும்.